அம்மா தனியாக சிங்கப்பூர் போகிறார்: விமானத்தில் 4 மணி நேரமா, 7 மணி நேரமா?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அண்ணன் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறார். ஜூலை கடைசியில் அம்மா அவரைப் பார்க்கப் போகிறார், ஒரு மாதத்துக்கு. அம்மாவுக்கு 67 வயது, முதல் விமானப் பயணம், தனியாக. எங்கள் வீட்டில் யாருமே இதற்கு முன் அம்மாவை இவ்வளவு தூரம் தனியாக அனுப்பியதில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. ஊசி, சாப்பாடு, தூக்கம் எல்லாம் மணி பார்த்துத்தான். அதனால் பயணம் எத்தனை மணி நேரம் என்று எனக்குச் சரியாகத் தெரிந்தாக வேண்டும். அண்ணன் ஷிப்டில் இருப்பதால் பேசக் கிடைப்பதே அபூர்வம். நானே தேடிப் பார்த்தேன், குழப்பம்தான் மிச்சம்.

சென்னையிலிருந்து ஒரு விமானம் இரவு 11:15-க்குக் கிளம்பி காலை 6:00-க்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் 6 மணி 45 நிமிடம். ஆனால் பக்கத்திலேயே "4 மணி 15 நிமிடம்" என்றும் இருக்கிறது. திரும்பும் விமானம் இரவு 8:30-க்குக் கிளம்பி 10:10-க்குச் சென்னை வந்துவிடுகிறதாம். ஒன்றே முக்கால் மணி நேரம் கூட இல்லை!

தூரமும் அப்படித்தான். ஓர் இடத்தில் 1,578, இன்னோர் இடத்தில் 1,816, மற்றொன்றில் 2,923. எதை நம்புவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அட்சரேகை எழுதியது:

சகோதரி, மூன்றும் ஒரே தூரம்தான். 1,578 என்பது கடல் மைல், 1,816 என்பது சாதாரண மைல், 2,923 என்பது கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். மீனம்பாக்கத்துக்கும் சாங்கிக்கும் இடையே உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்தால் வரும் நீளம் அது. சில தளங்கள் விமான நிலையத்தை விட்டுவிட்டு நகரத்தின் நடுவிலிருந்து அளப்பதால் பத்து இருபது கி.மீ. கூடக் குறையத் தெரியும். கவலை வேண்டாம்.

நேரத்துக்கு ஒரே வழி: இரண்டு நேரத்தையும் ஒரே கடிகாரத்துக்கு மாற்றிவிடுங்கள். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நம்மைவிட 2 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 6:00 என்றால் நமக்கு அதிகாலை 3:30. இரவு 11:15 முதல் 3:30 வரை 4 மணி 15 நிமிடம். திரும்பும்போது அங்கே இரவு 8:30 என்றால் நமக்கு மாலை 6:00. அதிலிருந்து 10:10 வரை 4 மணி 10 நிமிடம். கணக்கு தீர்ந்தது.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்ல ஆசை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கரேகையில் உள்ள வித்தியாசம் சுமார் 23.5 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்றால் சூரியனின் கணக்கில் வித்தியாசம் 94 நிமிடம்தான். கடிகாரத்திலோ 150 நிமிடம். மிச்சமுள்ள ஒரு மணி நேரம் போல அரசாங்க முடிவால் வந்தது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அதற்கு முந்தைய நாள் வரை நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் சரியாக 2 மணி நேரம். அங்கே காலை 7 மணிக்குத்தான் விடிகிறது என்று உங்கள் அண்ணன் சொல்லியிருப்பாரே, காரணம் இதுதான்.

---

பல்லாவரத்தான் எழுதியது:

கணக்கெல்லாம் சரி. ஆனால் போகும்போது கொஞ்சம் கூடுதலாகவும் வரும்போது கொஞ்சம் குறைவாகவும் ஏன் இருக்கிறது? பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. விமானம் கிழக்கே போகும்போது சிங்கப்பூரும் விலகி ஓடுகிறது, திரும்பும்போது சென்னை எதிரே வருகிறது. எங்கள் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

---

அட்சரேகை எழுதியது:

இல்லை சார். நிலநடுக்கோட்டுப் பக்கம் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போகிறது. விமானத்தின் வேகமோ 850 சொச்சம். நீங்கள் சொல்வது உண்மையானால் விமானத்தால் சிங்கப்பூரை எட்டவே முடியாது, ஒவ்வொரு மணி நேரமும் பின்தங்கிக்கொண்டே போகும். பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது, அந்தக் காற்றில்தான் விமானம் மிதந்து போகிறது. ஓடும் ரயிலுக்குள் முன்பக்கம் நடந்தாலும் பின்பக்கம் நடந்தாலும் ஒரே நேரம்தானே ஆகிறது.

வித்தியாசம் வருவது காற்று தானாக வீசுவதால். அதை வடகிழக்கு சொன்னால் நன்றாக இருக்கும், அவர் துறை அது.

---

வடகிழக்கு எழுதியது:

கூப்பிட்டதற்கு நன்றி. இந்த வழித்தடம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பொதுவாக உலகத்தில் எல்லோரும் சொல்வது, கிழக்கே போனால் சீக்கிரம், மேற்கே வந்தால் தாமதம் என்று. டில்லியிலிருந்து டோக்கியோ போகிறவர்களுக்கு அது பொருந்தும், ஏனென்றால் அந்த அட்சரேகையில் மேலே மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று அடித்துக்கொண்டு போகும். குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும்.

நம் பக்கத்தில் தென்மேற்குப் பருவகாலத்தில் கதை தலைகீழ். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, 12 முதல் 16 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. இதை முதலில் விரிவாக எழுதியவர் நம் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடீஸ்வரம், 1958-இல். தரையில் நாம் தென்மேற்குக் காற்று என்கிறோம், ஆடியில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அதே ஆடியில் தலைக்கு மேலே காற்று எதிர்த் திசையில் போகிறது. இந்த விஷயத்தை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

விமானங்கள் பறப்பது சுமார் 11, 12 கி.மீ. உயரத்தில். அந்தக் காற்றின் கீழ் விளிம்பு அங்கே தட்டும். எதிர்காற்று மணிக்கு 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 850-இல் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்து 790-இல்தான் போகும். 2,923 கி.மீ. கடக்க 3 மணி 42 நிமிடம். அதே காற்று முதுகில் அடித்தால் 910, அதாவது 3 மணி 13 நிமிடம். போக வர அரை மணி நேர வித்தியாசம் வந்துவிட்டது பாருங்கள். உங்கள் அம்மா ஜூலையில் போகிறார், எனவே போகும்போது சற்று மெதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராப் பக்கமிருந்து ஒரு வரிசையாக இடிமழை கிளம்பி, மலாக்கா நீரிணையைத் தாண்டி சிங்கப்பூருக்கு வரும். விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் அதிகம். நம் ஊரிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் அங்கே இறங்குவதும் அதே நேரம். அப்படி ஒரு மழை வந்தால் கடலுக்கு மேலே சில சுற்றுகள் சுற்றிவிட்டுத்தான் இறக்குவார்கள். அது வழக்கமான ஏற்பாடு, அதற்கான எரிபொருள் விமானத்தில் இருக்கும். அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். தெரியாமல் சுற்றினால்தான் பயம்.

---

ஓடுபாதை எழுதியது:

நான் விமான நிலையத்தில் தரைப்பணியில் இருப்பவன். அக்கா, நீங்கள் ஏன் சென்னையைப் பார்க்கிறீர்கள்? கும்பகோணத்திலிருந்து சென்னை கிட்டத்தட்ட 300 கி.மீ. பேருந்தோ காரோ, ஆறு ஏழு மணி நேரம். திருச்சி விமான நிலையம் 100 கி.மீ.-க்குள், இரண்டரை மணி நேரம் போதும். திருச்சியிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. தூரம் எவ்வளவு என்று அட்சரேகை கணக்குப் போட்டால் தெரியும், பெரிய வித்தியாசம் இருக்காது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் 4:15 முழுவதும் பறக்கும் நேரம் இல்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரும் நிமிடம் தொடங்கி, அங்கே போய் நிறுத்துமிடத்தில் நிற்கும் நிமிடம் வரைக்கும் சேர்த்து. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். கொஞ்சம் கூடுதலாகவே போட்டு வைப்பார்கள். அதனால்தான் கால் மணி தாமதமாகக் கிளம்பியது சில நாள் நேரத்துக்கே போய்ச் சேர்கிறது.

வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக. நடக்க முடிகிறவர்களும் கேட்கலாம், தவறே இல்லை. செக்-இன்னிலிருந்து இமிகிரேஷன் தாண்டி விமானக் கதவு வரை கூடவே ஓர் ஆள் வருவார். அங்கேயும் அதே மாதிரி வெளியே அண்ணன் கையில் ஒப்படைப்பார்கள். முதல் தடவை தனியாகப் போகும் அம்மாமார்களுக்கு இதைவிட நிம்மதி இல்லை, தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

---

அட்சரேகை எழுதியது:

போட்டுவிட்டேன். திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ. சென்னையைவிட 60 கி.மீ. அதிகம். வானத்தில் நாலு நிமிடம்! அந்த நாலு நிமிடத்துக்குப் பதில் சாலையில் நாலு மணி நேரம் மிச்சம்.

---

பல்லாவரத்தான் எழுதியது:

பூமி சுற்றுவது பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ரயில் உதாரணம் நன்றாகப் புரிந்தது.

ஆனால் சென்னைக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். சென்னையிலிருந்து ஒரே நாளில் பல விமானங்கள் போகின்றன. ஒன்று ரத்தானால் அடுத்ததில் ஏற்ற வழி இருக்கிறது. சிறிய நிலையத்தில் அந்த வசதி குறைவு. இரண்டு வருடத்துக்கு முன் என் மாமியாருக்கு வேறோர் ஊரிலிருந்து போட்ட விமானம் ரத்தாகி, மறுநாள் வரை காத்திருக்க வைத்தார்கள். வயதானவர்களை அனுப்பும்போது இதையும் யோசியுங்கள். சென்னையில் உறவுக்காரர்கள் இருந்தால் ஒரு நாள் முன்னால் வந்து தங்கிக் கிளம்பலாம்.

போகி அன்று மட்டும் சென்னை வேண்டாம் என்று நானே சொல்வேன். அதிகாலைப் புகையில் ஓடுபாதையே தெரியாமல் விமானங்களை பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பிவிட்ட வருடங்கள் உண்டு. ஜூலையில் அந்தப் பிரச்சினை இல்லை.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பல்லாவரத்தான் சார் சொல்வதும் நியாயம்தான். ஆனால் சென்னையில் எங்களுக்கு நெருங்கிய சொந்தம் இல்லை. அம்மாவுக்கு ஏழு மணி நேரம் காரில் உட்கார்ந்தால் கால் வீங்கிவிடும். திருச்சி என்று முடிவு செய்துவிட்டேன். இரவு 11:40-க்குக் கிளம்பி அங்கே 6:25-க்கு இறங்கும் விமானம். அதாவது நம் நேரம் 3:55. நானே கணக்குப் போட்டேன், சரிதானே?

ஒருவர் கொழும்பு வழியாகப் போனால் 4,000 ரூபாய் குறையும் என்கிறார். அது எப்படி?

---

அட்சரேகை எழுதியது:

கணக்கு சரி, 4 மணி 15 நிமிடம்.

கொழும்பு வழி தூரத்தில் ஏமாற்றும். திருச்சி – கொழும்பு சுமார் 420 கி.மீ., கொழும்பு – சிங்கப்பூர் சுமார் 2,750. மொத்தம் 3,170, நேர் வழியைவிட 190 கி.மீ.தான் கூடுதல். வரைபடத்தில் பார்த்தால் வழியில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கி, நடுவில் காத்திருந்து, எட்டு ஒன்பது மணி நேரம் ஆகிவிடலாம். தனியாக, முதல் முறை, ஊசி போடுகிறவர். நான் என் அம்மாவை அனுப்ப மாட்டேன்.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் மருந்தாளுநர். ஊசி அளவு பற்றி இங்கே யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். அம்மாவின் டாக்டரிடம் பயண நேரத்தை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். நம் நேரத்தில் எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்குத் தூக்கம், அங்கே போனால் இரண்டரை மணி நேரம் தள்ளி வைப்பதா, ஒரே நாளில் மாற்றுவதா, இவ்வளவும் கேளுங்கள்.

நான் சொல்லக்கூடியவை இவை. இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பினால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டி வராமல் போனாலும் ஆபத்து. டாக்டர் சீட்டு, ஊசி எதற்கு என்ற கடிதம் இரண்டும் கூடவே இருக்கட்டும். சாப்பாடு கையில் வந்த பிறகே ஊசி. "வரிசை சீக்கிரம் நகர்ந்துவிடும்" என்று நம்பி முன்னதாகப் போட்டுவிட்டு, இமிகிரேஷன் வரிசையில் பசியோடு நிற்பதுதான் உண்மையான அபாயம். பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ, எட்டும் இடத்தில்.

இறங்கும் வரை அம்மா கையில் உள்ள கடிகாரத்தை மாற்றவே வேண்டாம். போன் தானாக மாறிவிடும், கைக்கடிகாரம் ஊர் நேரத்திலேயே ஓடட்டும். அந்த இரவு முழுக்க அவர் உடம்பு இருப்பது கும்பகோணம் நேரத்தில்தான்.

---

ஓடுபாதை எழுதியது:

மருந்துச்சீட்டு சொன்ன பிறகு நினைவு வந்தது. பெட்டி கட்டும்போது குருமாப் பொடி, மசாலாப் பொடி எதிலும் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை. வெற்றிலை போடுகிறவராக இருந்தால் புகையிலையையும் எடுத்துவிடுங்கள், மெல்லும் புகையிலை அங்கே கூடாது. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் கேட்கும் தளத்தில் போய் நிரப்பிவிடாதீர்கள். விசா வேறு, அது வேறு.

---

பழையதுறைமுகம் எழுதியது:

பிள்ளைகள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு 74 வயது. பன்னிரண்டு வயதில் அப்பாவோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினேன். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். படகில் போய் ஏணியில் ஏற வேண்டும். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தோம். பினாங்கு, அப்புறம் அப்போது போர்ட் சுவெட்டென்ஹாம் என்று அழைத்த கிள்ளான் துறைமுகம், கடைசியாக சிங்கப்பூர். ஒரு வாரம் ஆனது. மூன்றாம் நாள் அப்பா என்னை எழுப்பி, கடிகாரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகும் ஒரு முறை தள்ளி வைத்தார். ஊர் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போவது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

1926-இல் கட்டிய கப்பல் அது, 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தக் கப்பலில் இருக்கிறது. உன் அம்மா நாலு மணி நேரத்தில் போகிறார் அம்மா, தைரியமாக அனுப்பு.

---

காவிரிக்கரை எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய சித்தப்பாவும் ரஜூலாவில் போனவராம், இதுநாள் வரை எனக்குத் தெரியாது. சாயங்காலம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார். பயம் கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிகிறது.

ஜன்னல் ஓரம் வேண்டும் என்று கேட்கிறார். இரவில் என்ன தெரியும்?

---

அட்சரேகை எழுதியது:

பெரும்பகுதி வங்காள விரிகுடாவின் இருட்டுதான். ஆனாலும் கீழே எது இருக்கிறது என்று தெரிந்தால் அந்த இருட்டே வேறு மாதிரி இருக்கும். சென்னையிலிருந்து சாங்கிக்கு நேர்கோடு இழுத்துப் பார்த்தேன். விமானம் அப்படியே அந்தக் கோட்டில் போகாது, விதித்த வழித்தடத்தில் போகும், ஆனால் சுற்றுவட்டாரம் இதுதான். முதலில் கடல். பாதியைத் தாண்டியதும் கிரேட் நிக்கோபார் தீவின் தென்முனையை ஒட்டி. அப்புறம் சுமத்ராவின் வடகரை. பிறகு மலாக்கா நீரிணை, மலாக்கா நகரம், சிங்கப்பூர். திருச்சிக் கோடு இதற்குக் கொஞ்சம் தெற்கே கிளம்பி, போகப் போக இதோடு வந்து சேர்ந்துவிடும்.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் கடல் கடந்து வென்ற ஊர்களின் பட்டியல் வருகிறதே, அதில் மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரி தேசம் சுமத்ராவின் வடமுனை, கடாரம் மலேசியாவின் கெடா. உங்கள் அம்மா தூங்கி விழித்துப் போகும் வழி அதே வழிதான்.

இறங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம் மட்டும் விழித்திருக்கச் சொல்லுங்கள். மேகம் இல்லாவிட்டால் நீரிணை முழுக்கக் கப்பல் விளக்குகள் தெரியும். 6:25-க்கு இறங்கும்போது அங்கே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும், முன்பு சொன்ன அந்தக் கடிகாரக் கதையால்.

---

காவிரிக்கரை எழுதியது:

அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்து யாராவது தேடி வந்தால் உதவும் என்று நேரத்தை எழுதி வைத்தேன். எல்லாமே நம் நேரம்.

மாலை 5:50 வீட்டை விட்டுக் கிளம்பினோம். 8:05 திருச்சி விமான நிலையம். 9:40-க்கு இமிகிரேஷன் முடிந்தது, வீல்சேர் தள்ளிய தம்பி கடைசி வரை கூடவே இருந்தாராம். 9:50 இட்லியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஊசி, டாக்டர் சொன்னபடியே. 11:52-க்கு விமானம் நகர்ந்தது, 12 நிமிடம் தாமதம். அதிகாலை 4:10-க்கு அங்கே போய் நின்றது. மழை இல்லை, சுற்றவும் இல்லை. 4:55-க்கு வெளியே அண்ணன் கையில். 5:40-க்கு ஈசூன் வீடு.

வீட்டிலிருந்து வீடு 11 மணி 50 நிமிடம். அதில் விமானம் 4 மணி 18 நிமிடம். முதலில் நான் கேட்ட கேள்விக்குச் சரியான விடை இந்த 11:50-தான் என்று இப்போது புரிகிறது. ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நான் திட்டமிட வேண்டியிருந்தது இந்த மொத்த நேரத்துக்குத்தான்.

5:45-க்கு அம்மா போன் செய்தார். எனக்கு வாசலில் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. "இங்கே நல்ல வெயில் அடிக்கிறதடி" என்றார். கப்பல் விளக்குகளைப் பார்த்தாராம், எண்ணி முடியவில்லையாம். கைக்கடிகாரம் இன்னும் நம் நேரத்திலேயே இருக்கிறது. காலை ஊசி போட்ட பிறகுதான் அண்ணனை மாற்றி வைக்கச் சொல்வாராம்.

பழையதுறைமுகம் ஐயாவிடம் ஒன்று சொல்லச் சொன்னார்: சித்தப்பாவின் பெயர் எழுதிய பழைய பாஸ்போர்ட் எங்கள் பரண் பெட்டியில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன். எந்த வருடம் போனார் என்று தெரிந்தால் இங்கே எழுதுகிறேன் ஐயா.